அறிஞர் டு பாய்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது. ஆயினும் கறுப்பின மக்களின் இன்னல் அதனோடு ஒழிந்துவிடவில்லை. 1868ஆம் ஆண்டில், மாசச்சூசெட்சு மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் டு பாய்ஸ் பிறந்தார். தந்தை குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து சென்றமையால், அன்னையே அவரை வறுமையிடையே வளர்த்தார். தேவாலயங்கள் சில பொருளுதவி செய்ய, அவர் தென்னாட்டு ஃபிஸ்க் பல்கலைக்கழகம் புகுந்தார். கோடை விடுமுறைகளில் நாட்டுப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். அப்பள்ளி, முன்பு சோளம் சேர்த்துவைத்த ஒரு மரக்குடில். அதற்குக் கதவுகூட இல்லை. பின்னர் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்று, 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் எய்தினார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

பிலடெல்பியா நகரின் சீர்கேடுகளுக்கெல்லாம் ஏழாம் வட்டத்தில் வாழ்ந்த கறுப்பினத்தவரே காரணம் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அதனை ஆராயுமாறு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 1896ஆம் ஆண்டில் டு பாய்ஸை அமர்த்தியது. பேராசிரியர் பதவியை மட்டும் அளிக்கவில்லை. அவர் அதனைப் பொருட்படுத்தாது, புதுமணம் புரிந்த மனைவியுடன் அவ்வட்டத்திலேயே ஓர் அறையில் குடியேறினார். ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாம் ஒருவராகவே நாடிச் சென்றார். தொழில் யாது, வருவாய் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரியுமா என ஒவ்வொன்றையும் வினவிக் குறித்துக்கொண்டார். ஒரு குழுவினர்க்கும் எளிதன்று இப்பணி! ஆராய்ச்சி முடிவை 1899ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆலைகளும் கடைகளும் அம்மக்களுக்கு வேலை மறுத்தன. தொழிற்சங்கங்களும் அவர்களைச் சேர்க்க மறுத்தன. கிடைத்த வீட்டு வேலைக்கோ கூலி குறைவு. குடியிருப்புக்கு வாடகை மிகுதி. வறுமையும் குற்றமும் இந்நிலையில் விளைந்தவை என்பதை அந்நூல் சான்றுகளுடன் நிறுவியது.

உண்மையை எடுத்துக்காட்டினால் வெறுப்பு நீங்கும் என்று டு பாய்ஸ் நம்பியிருந்தார். அவ்வாண்டிலேயே அந்நம்பிக்கை சோதனைக்கு உள்ளாயிற்று. அப்பொழுது அவர் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பேராசிரியர். சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை அம்மாநிலத்தில் ஒரு கும்பல் வழக்கு விசாரணையின்றிக் கொன்றது. நியாயத்தை அமைதியாக விளக்கும் கடிதம் ஒன்றை வரைந்து, செய்தித்தாள் அலுவலகம் நோக்கி டு பாய்ஸ் நடந்தார். இறந்தவரின் எலும்புகள் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் செய்தியை வழியில் அறிந்தார். கடிதத்தைக் கொடாமலே திரும்பினார். ஆராய்ச்சி மட்டும் போதாது என்று அன்று உணர்ந்தார். எனினும் எண்களை அவர் கைவிடவில்லை. அவற்றையே போர்க்கருவி ஆக்கினார். 1909ஆம் ஆண்டில் கறுப்பினத்தவரின் உரிமைக்காகத் தோன்றிய சங்கத்தை நிறுவியவருள் அவரும் ஒருவர். அச்சங்கத்தின் ‘கிரைசிஸ்’ இதழை 1910 முதல் 1934 வரை நடத்தினார். கும்பற்கொலைகளின் கணக்கு அதில் இடைவிடாது வெளிவந்தது.

நிறவேற்றுமை அமெரிக்காவிற்கு மட்டும் உரிய நோயன்று. ஆப்பிரிக்க, ஆசிய மக்களின் உழைப்பால் பிறநாட்டார் செல்வம் பெருக்கும் குடியேற்ற ஆட்சியும் அதன் பகுதியே என்பது அவர் துணிபு. அதனால் 1919ஆம் ஆண்டில் பாரிசில் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டினார். முதுமையிலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. உலக அமைதிக்காக உழைத்தமை பற்றி 1951ஆம் ஆண்டில் அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். பின்னரும் வெளிநாடு செல்ல உரிமை மறுக்கப்பட்டமையால், 1957ஆம் ஆண்டில் கானா நாட்டின் விடுதலை விழாவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1961ஆம் ஆண்டில், ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்கும் பொருட்டு அந்நாட்டில் குடியேறினார்.

அத்தொகுப்பு நிறைவுறுமுன், 1963 ஆகஸ்டு 27ஆம் நாள், 95ஆம் வயதில் அக்ராவில் உயிர்நீத்தார். மறுநாள் வாஷிங்டன் நகரில் உரிமை வேண்டிக் குழுமியிருந்த 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கு அச்செய்தி அறிவிக்கப்பெற்றது.