கோர்ட்டு வேலையில் கிடைத்த திருப்புகழ்



போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி. சர்வர் விழுந்து, கால்ல உட்கார்ந்திருக்கேன். கந்த சஷ்டி நேரம் வேற. கோயிலுக்குப் போக முடியல, கவசம் சொல்ல முடியல. இந்த வேலைதான் எனக்கும் முருகனுக்கும் நடுவுல நிக்குதுன்னு தோணிச்சு. ராஜினாமா மெயில் எழுதி டிராஃப்ட்ல வச்சுட்டேன்.

அந்த வாரம்தான் வ.த. சுப்பிரமணிய பிள்ளை பற்றிப் படிச்சேன்.

பேர் தெரியாதவங்களுக்கு: இன்னிக்கு நம்ம போன்ல ஒரு தட்டு தட்டினா திருப்புகழ் வருதே, அதுக்கு முதல் காரணம் இவர். பிறந்தது 1846. செங்கல்பட்டுப் பக்கம் வடக்குப்பட்டு. சாமியார் இல்லை, மடாதிபதி இல்லை. கோர்ட்டு உத்தியோகம், மாவட்ட முன்சீப் வரைக்கும் போனவர்.

1871-ல் சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. தில்லை மூவாயிரவர் என்ற தங்கள் பெருமைக்கு ஆதாரமா அவங்க ஒரு திருப்புகழ்ப் பாட்டைக் காட்டினாங்க. கவனிங்க, பாட்டு கோயில்ல கேட்கல, சன்னதியில கேட்கல. வழக்கு சாட்சியமா வந்தது! அந்தச் சந்தமும் பொருளும் பிள்ளையவர்களைப் பிடிச்சுக்கிச்சு. அப்போ அவருக்கு 25 வயசு. என்னைவிட மூணு வயசு சின்னவர்.

அருணகிரிநாதர் 16,000 பாட்டு பாடினார்னு சொல்வாங்க. அதெல்லாம் எங்கேன்னு தேட ஆரம்பிச்சார். ஒரே இடத்துல இல்லை. அங்கங்கே வீட்டுப் பரண்லயும் புலவர்கள் கையிலயும் ஓலைச்சுவடியா சிதறிக் கிடந்தது. ஏடு படிக்கிறது சும்மா இல்லைங்க. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும். பழைய கோடுல கமென்ட் இல்லைன்னு நாம புலம்புறோம்! ஒரே பாட்டு ரெண்டு ஏட்டுல ரெண்டு விதமா இருந்தா எது சரின்னு முடிவு பண்ணணும். திருப்புகழ்ல ஓர் எழுத்து தப்பினாலும் சந்தம் இடறும். அந்தச் சந்தமே செக்சம் மாதிரி உதவியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இதுக்காக அவர் வேலையை விடல. முன்சீப் வேலைன்னா ஊர் ஊரா மாற்றல் வரும். பகல் முழுக்க நிலத் தகராறு, கடன் பத்திரம், சாட்சி விசாரணை. தீர்ப்பு எழுதணும்னா ரெண்டு பக்கத்து ஆவணத்தையும் ஒப்பிட்டு எது நிஜம்னு பார்க்கணும். யோசிச்சுப் பாருங்க, ஏடுகளை ஒப்பிடுறதும் அதே வேலைதானே? சம்பளத்துக்காக தினமும் பழகின கண்ணையே ராத்திரி முருகனுக்குக் கொடுத்திருக்கார். கர்ம யோகம்னு கீதை வகுப்புல கேட்டப்போ எனக்கு ஒட்டல. இங்கதான் ஒட்டிச்சு.

முதல் பாகம் அச்சாகி வந்தது 1894-ல். பாட்டைக் கேட்டு 23 வருஷம்! நாம ரெண்டு வார ஸ்பிரின்ட் இழுத்தாலே சோர்ந்துடறோம். பிறகு ரெண்டாம் பாகமும் வந்தது. 1909-ல் காலமானார்.

மகனுக்குத் தணிகை முருகன் பேரையே வச்சார், செங்கல்வராயன். அவர்தான் ‘தணிகைமணி’ வ.சு. செங்கல்வராய பிள்ளை. அப்பா தேடிக் கொடுத்த பாட்டுகளுக்கு உரை எழுதினவர். அவரும் அரசாங்கப் பதிவுத் துறையில வேலை பார்த்தவர்தான்! ஆபீஸ் போய்க்கிட்டே ரெண்டு தலைமுறை.

வள்ளிமலை சுவாமிகள் எல்லாத்தையும் விட்டுட்டு ஊர் ஊராப் போய்த் திருப்புகழ் பாடினார். அதுவும் ஒரு வழி, குறைச்சுச் சொல்லல. ஆனா அவர் பாடிப் பரப்பின திருப்புகழைத் தேடி அச்சுல ஏத்தி வச்சது ஒரு முன்சீப்.

அந்த டிராஃப்ட் இன்னும் மெயில்ல இருக்கு, அனுப்பல. சுவாமிகள் தொடங்கி வச்ச திருத்தணி படித் திருவிழா டிசம்பர் 31 வருது. லீவ் அப்ளை பண்ணிட்டேன். ஒரு நாள் மட்டும்.