கப்பலிலே போட்ட கணக்கு

விண்மீன் நொறுங்காமல் நிற்பது எதனாலே? அதன் எடையே அதனை உள்நோக்கி இழுக்கிறது. உள்ளே கொதிக்கும் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகிறது. இரு மல்லர்கள் தோளோடு தோள் முட்டி அசையாது நிற்பதைக் கண்டிருக்கிறோமல்லவா, அதுபோலத்தான் சூரியனும் நிற்கிறது. எரிபொருள் தீர்ந்த அன்று தள்ளுகிற மல்லன் களைத்து விடுவான். இழுக்கிற மல்லனுக்கோ களைப்பே கிடையாது! பிறகு என்ன ஆகும்?

அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பத்தவர், 1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. சர் சி. வி. இராமன் சிற்றப்பா. படித்தது திருவல்லிக்கேணிப் பள்ளியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழாக்கியவர். நோயிலே படுத்திருந்த அந்த அம்மையார், தம்மைக் காரணம் காட்டி மகன் சீமைப் பயணத்தை நிறுத்தக் கூடாதென்று பிடிவாதமாக இருந்தார். 1930 ஜூலைக் கடைசியில் மகன் பம்பாயிலே கப்பலேறினார். மறு ஆண்டே தாய் மறைந்தார். பெற்றவளைக் கடைசியாகக் காணவும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வயது 19. மற்றவர்கள் அலைகளை எண்ணிய கப்பலிலே, இவர் விண்மீனின் எடையைக் கணக்கிட்டார். எரிந்து முடிந்த விண்மீன் சுருங்கிப் பூமியளவு வெண்குள்ளன் ஆகும். நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பு, வெப்பமே இல்லாமல் அதைத் தாங்கும் என்று 1926-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் விளக்கியிருந்தார். அந்த நெருக்கடியிலே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்டார் இளைஞர். சேர்த்தார். விடை திடுக்கிட வைத்தது! அந்தத் தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் எடையிருந்தால் எலக்ட்ரான்கள் தோற்றுவிடும், சரிவு நிற்காது.

1935 ஜனவரி 11. இலண்டனிலே வானியல் கழகக் கூட்டம். 24 வயது சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்து அமர்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன், அந்நாளைய வானியலின் முடிசூடா மன்னர். மாதக்கணக்கில் இவர் அறைக்கு வந்து, கணக்கின் வளர்ச்சியைக் கேட்டறிந்தவர். மறுப்பு வைத்திருப்பதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. விண்மீன் அவ்வாறு விபரீதமாக நடக்க இயற்கை இடந்தராது என்று கேலி பேசினார். சபை சிரித்தது. பதில் சொல்ல இளைஞருக்கு வாய்ப்புமில்லை. பௌலி போன்ற மேதைகள் கணக்கு சரியென்றே கருதினர். ஆனால் தனியே சொன்னார்களே தவிர, மேடையேறிச் சொல்லவில்லை. எடிங்டனின் கேலியைக் காட்டிலும் இந்த மௌனந்தான் நமக்கு அதிகம் உறுத்துகிறது.

சந்திரசேகர் சண்டையில் இறங்கவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பணியில் சேர்ந்தார். 1939-இல் எல்லாவற்றையும் நூலாக்கிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். 1944-இல் எடிங்டன் மறைந்தபோது மனமாரப் புகழ்ந்தும் பேசினார்!

கணக்கு என்ன ஆயிற்று? எல்லை மீறிச் சரியும் விண்மீன் நடுவிலே எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் திணிக்கப்பட்டு நியூட்ரான்களாகின்றன. சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள உருண்டைக்குள் சூரியனை விஞ்சிய எடை! அதிலே சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் பத்துக் கோடி டன்னுக்கு மேல் நிறுக்கும். இப்படியொன்று இருக்கலாமென்று பாடேயும் ஸ்விக்கியும் 1934-இலேயே சொன்னார்கள், நம்பியவர் சிலரே. 1967-இல் கேம்பிரிட்ஜ் மாணவி ஜோஸ்லின் பெல், 1.337 வினாடிக்கு ஒரு முறை தவறாது துடிக்கும் வானொலிச் சைகையைக் கண்டார். அதுதான் பல்சர், சுழலும்போது கலங்கரை விளக்குப் போல நம் பக்கம் ஒளி வீசும் நியூட்ரான் விண்மீன். மறு ஆண்டு நண்டு நெபுலாவிலே, 1054-இல் வெடித்ததைச் சீனர்கள் குறித்து வைத்த இடத்திலே, வினாடிக்கு 30 முறை சுழலும் ஒன்று அகப்பட்டது. வெண்குள்ளன் அந்த வேகத்தில் சுழன்றால் சிதறிப்போகும். அவ்வளவு இறுகிய உருண்டையின் ஈர்ப்புதான் அதைக் கட்டிப் பிடிக்கும்.

நோபல் பரிசு 1983-இல் வந்தது, வயது 73. 1995 ஆகஸ்டு 21-இல் சிகாகோவில் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏற்றப்பட்ட எக்ஸ்-ரே தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்று பெயரிட்டார்கள். அது எடுத்த முதல் ஆண்டுப் படங்களிலேயே, நண்டு நெபுலாவின் பல்சரைச் சுற்றிய ஒளி வளையம் தெரிந்தது.