தோளைக் கட்டிக்கொண்டு குதிரை ஏறியவர்

அல்சூர், மர்பி டவுன் போன்ற தண்டுப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேரைத் தேடிப் போனால் அது பட்டாளத்தில் கொண்டுபோய் விடும். 1809ல் வெள்ளைக்காரர்கள் பெங்களூரில் தண்டு அமைத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து வந்தவர்கள் உண்டு. பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்தவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் பட்டாளம் என்றால் குதிரை. குதிரை என்றால் லாயம், புல்லுக்கட்டு, கொள்ளு, லாடம், சேணம். அதிகாரியிடம் எத்தனை குதிரைகள் இருக்கின்றனவோ அத்தனை குதிரைக்காரர்கள் வேண்டும்.

அந்தத் தண்டுக்கு 1896ம் ஆண்டு அக்டோபர் மாதம், வலது தோளில் வலியோடு வந்து சேர்ந்தார் 21 வயது இளைஞர் ஒருவர். நாலாவது ஹுஸ்ஸார் குதிரைப்படையின் இளம் அதிகாரி. பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். ஆம், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராகி ஹிட்லரை எதிர்த்து நின்ற அதே சர்ச்சில்தான். மர்பி டவுன் என்ற பெயரே அப்போது இல்லை.

பிறவியிலேயே அஞ்சாநெஞ்சர் என்று சர்ச்சிலை நினைப்பவர்கள் உண்டு. அவருடைய இளமைக் கதை அப்படிச் சொல்லவில்லை. 1874ம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி பிரபு குடும்பத்தில் பிறந்தவர். மெலிந்த உடம்பு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் கிரிக்கெட் பந்துகளை இவர்மேல் எறிந்தபோது மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவர். அந்த வெட்கம் அவரை விடவில்லை. 1893 ஜனவரியில் தம்பியும் இன்னொரு சிறுவனும் விளையாட்டாகத் துரத்தி வர, பிடிபடக் கூடாது என்று ஒரு பாலத்திலிருந்து பக்கத்து மரத்தின் உச்சியைப் பிடிக்கத் தாவினார். கிளை கைக்கு அகப்படவில்லை. 29 அடி பள்ளம். மூன்று நாள் நினைவில்லை. படுக்கையை விட்டு எழ மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்படி விழுந்து எழுந்தவர் அதே ஆண்டில் குதிரைப்படைக்குப் போனார் என்பதுதான் வேடிக்கை. அதுவும் விரும்பிப் போன இடம் மட்டுமல்ல, மதிப்பெண் தள்ளிவிட்ட இடமும்கூட. சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். வாங்கிய மதிப்பெண் காலாட்படைக்குப் போதவில்லை. குதிரைப்படையில் குதிரை வாங்கவும் பராமரிக்கவும் கைப்பணம் போட வேண்டும். ஆகையால் அங்கே போட்டி குறைவு. அவருக்கோ குதிரைமேல் ஆசை. செலவைக் கணக்குப் பார்த்த தந்தை ராண்டால்ஃப் பிரபுவுக்குத்தான் கோபம்.

குதிரை ஏற்றப் பயிற்சி எளிதாக இருக்கவில்லை. விடுமுறையிலும் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் குதிரைப்படை முகாமில் கூடுதல் பயிற்சிக்குத் தந்தை ஏற்பாடு செய்தார். பயிற்சிக் கூடத்தின் தரையில் பரப்பியிருந்த மரப்பட்டைத் தூளில் பலமுறை முகம் பதிய விழுந்தார். ஆனாலும் படிப்பு முடிந்தபோது குதிரை ஏற்றத்தில் முன்வரிசையில் தேறினார்.

1895 பிப்ரவரியில் அதிகாரியாகப் பதவி ஏற்று ஆல்டர்ஷாட் முகாமுக்குப் போனால், அங்கே மீண்டும் முதல் பாடம். சாண்ட்ஹர்ஸ்டில் கற்றதெல்லாம் செல்லாது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களோடு சேர்ந்து இளம் அதிகாரியும் பழக வேண்டும். ஓடுகிற குதிரையில் சேணம் இல்லாமல் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அங்கவடி இல்லாமல் தடைக்கட்டையைத் தாண்ட வேண்டும். சில சமயம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டே தாண்ட வேண்டும். முழங்காலுக்கு இடையில் குதிரையின் தோலைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. விழுந்தால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஏற வேண்டும். அதிகாரி விழுந்ததைப் பார்த்துச் சிப்பாய்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

தொடையின் உள் தசை ஒன்று அவருக்குப் பிடித்துக்கொண்டது. சவாரியில் இறுக்கிப் பிடிப்பதற்கே அந்தத் தசைதான் வேண்டும். வலி தாங்க முடியவில்லை. ஒரு நாள் விடுப்புக் கேட்டால் கோழை என்ற பெயர் வந்துவிடும். வைத்தியமும் செய்துகொண்டு, வலியோடு சவாரியும் செய்தார். குதிரையைக் கண்டு பயந்தாரோ இல்லையோ, சிரிப்புக்குப் பயந்தார் என்று சொல்லலாம். எத்தனையோ பேரைக் குதிரைமேல் உட்கார வைத்தது இந்தப் பயம்தான்.

1896 இலையுதிர் காலத்தில் படை கப்பலேறி பம்பாய் வந்தது. கப்பலிலிருந்து கரைக்குப் போகப் பொறுமையின்றிச் சர்ச்சிலும் சில நண்பர்களும் ஒரு சிறு படகைப் பிடித்து சாசூன் துறைக்கு வந்தார்கள். அலை நாலைந்து அடி உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டுச் சுவரில் இருந்த இரும்பு வளையத்தைச் சர்ச்சில் வலது கையால் பற்றினார். அதே நொடியில் படகு சரேலென்று கீழே இறங்கிவிட்டது. உடம்பின் பாரமெல்லாம் ஒரு கையில். தோள் மூட்டு பிசகிவிட்டது.

அப்போது அதைப் பெரிதாக அவர் நினைக்கவில்லை. ஆனால் தோள் மூட்டின் அமைப்பே தனி. உருண்டையான எலும்புத் தலை ஓர் ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசைநார்களும் சவ்வும்தான் அதைப் பிடித்து வைப்பவை. ஒருமுறை அவை கிழிந்து தொய்ந்துவிட்டால், கையைப் பக்கவாட்டில் உயர்த்தித் திருப்பும்போது மூட்டு மறுபடி நழுவும். எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. சர்ச்சிலுக்கு அலமாரியில் புத்தகம் எடுக்கும்போது நழுவியிருக்கிறது. தலையணைக்குக் கீழே கையை வைத்துத் தூங்கும்போது நழுவியிருக்கிறது. நீந்தும்போது நழுவியிருக்கிறது. பிற்காலத்தில் பாராளுமன்றத்தில் கையை வீசிப் பேசப்போய், மூட்டு கழன்றுவிடும் நிலைக்கு வந்ததும் உண்டு.

அலமாரி முன்னால் நழுவினால் வலியோடு போகும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரைமேல் நழுவினால்? குதிரைப்படை வீரனுக்கு இடது கையில் கடிவாள வார், வலது கையில் வாள். போலோ பந்தாட்டக்காரனுக்கு வலது கையில் மட்டை. எதிரே குதிரைகளின் குளம்புகள். விழுந்தவனைச் சுற்றிக்கொண்டு போக அவற்றுக்கு இடமும் இருக்காது, நேரமும் இருக்காது.

பெங்களூரில் அவரும் இரண்டு நண்பர்களும் ஒரு பங்களாவை எடுத்துக்கொண்டார்கள். பெரிய தோட்டம், ஏராளமான ரோஜாச் செடிகள். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு பட்லர், உடை மாட்டிவிட ஒரு பையன், குதிரைக்கு ஒருவராகக் குதிரைக்காரர்கள். மூவருக்கும் பொதுவாகத் தோட்டக்காரர், தண்ணீர்க்காரர், சலவைக்காரர், காவல்காரர். விடியற்காலையில் கவாத்து. வெயில் ஏறியதும் வீடு. உச்சி வேளையில் மற்றவர்கள் தூங்கும்போது இவர் புத்தகம் படித்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத குறையை அவர் தீர்த்துக்கொண்டது பெங்களூர் வெயிலில்தான். மாலை ஐந்து மணிக்குப் போலோ.

போலோவை அவர் விடவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. ஒரு தோல் வார். முழங்கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் கை தோளுக்கு மேலே உயராது. உயராவிட்டால் நழுவாது. மட்டையை ஓங்கி அடிக்க முடியாது என்பது நஷ்டம். அந்த நஷ்டத்தை ஒப்புக்கொண்டு, குதிரையை நடத்துவதில் தேர்ச்சி பெற்றார். படையினர் பூனாவிலிருந்த ஒரு படையின் போலோ மட்டக்குதிரைகளை மொத்தமாக விலைக்கு வாங்கி வந்திருந்தார்கள். இந்தியாவில் இறங்கிய இரண்டு மாதத்துக்குள் ஐதராபாத்தில் கோல்கொண்டா கோப்பையை வென்றார்கள். புதிதாக வந்த படைக்கு அது பெரிய ஆச்சரியம்.

1897ல் வடமேற்கு எல்லையில் மாலகண்ட் சண்டை மூண்டது. சர்ச்சில் அனுமதி வாங்கிக்கொண்டு பெங்களூர் ரயில் நிலையத்துக்குப் போய் நௌஷேராவுக்கு டிக்கெட் கேட்டார். ரூபாய்கள் அடங்கிய ஒரு சிறு பையை வாங்கிக்கொண்டு, புக்கிங் குமாஸ்தா சாதாரண டிக்கெட் ஒன்றை ஜன்னல் துளை வழியே தள்ளினார். எவ்வளவு தூரம் என்று சர்ச்சில் விசாரித்தார். குமாஸ்தா கால அட்டவணையைப் புரட்டி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 2,028 மைல் என்றார். இன்றைய கணக்கில் சுமார் 3,260 கிலோமீட்டர். புழுக்கத்தில் ஐந்து நாள் பயணம். பல ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கைக் கதையை எழுதிய சர்ச்சில் இந்தக் குமாஸ்தாவை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். பெயரைத்தான் குறிப்பிடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து இருபது ஆண்டு டிக்கெட் கிழித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அந்தச் சண்டையில் மற்றவர்கள் தரையில் படுத்திருக்க, சர்ச்சில் தம் சாம்பல் நிற மட்டக்குதிரைமேல் அமர்ந்து வரிசை நெடுகப் போனார். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது என்று தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். இதை வீரம் என்பதா, விளம்பரம் என்பதா என்று வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

அடுத்த ஆண்டு, 1898 செப்டம்பர் 2ந் தேதி, சூடானில் ஓம்துர்மன் போர். 21வது லான்சர் குதிரைப்படையோடு சர்ச்சில் தாக்குதலுக்குப் போனார். தோள் ஆகாது, வாளை வீசினால் கை கழன்றுவிடும் என்று முன்கூட்டியே தெரிந்து, லண்டனில் ஒரு மாசர் கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். குதிரை பாய்ந்துகொண்டிருக்கும்போதே வாளை உறையில் செருகிவிட்டு, துப்பாக்கியை எடுத்தார். எதிரே தெரிந்ததோ சில நூறு பேர். அவர்களுக்குப் பின்னால் பள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். தங்கள் மண்ணைக் காக்க நின்ற சூடானியர்கள் அவர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் குதிரைப்படையில் சுமார் 70 பேர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். குதிரைகள் நூற்றுக்கு மேல் போயின. சர்ச்சிலுக்கு ஒரு கீறலும் இல்லை. தோள் நன்றாக இருந்து வாளை நம்பியிருந்தால் பிழைத்திருக்க மாட்டோம் என்று அவர் பின்னால் எண்ணினார்.

மறுபடி பெங்களூர். 1899 பிப்ரவரியில் மீரட்டில் இந்தியப் படைப்பிரிவுகளுக்கிடையே போலோப் போட்டி. தென்னிந்தியாவிலிருந்து போன எந்தக் குதிரைப்படையும் அதுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. பெங்களூரிலிருந்து வீரர்களும் குதிரைகளும் ரயிலில் கிளம்பி, பழக்கத்துக்காக ஜோத்பூரில் சர் பிரதாப் சிங்கிடம் தங்கினார்கள். மீரட்டுக்குப் போகுமுன் கல் படிக்கட்டில் சர்ச்சிலின் கால் இடறியது. வலது தோள் மறுபடி கழன்றது.

எவ்வளவோ ஆசையோடு காத்திருந்த ஆட்டம். ஆனாலும் தம்மை நீக்கிவிட்டு மாற்று ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும்படி அவரே தோழர்களிடம் சொன்னார். தோழர்கள் யோசித்தார்கள். பந்தை அடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, மட்டையைப் பிடித்துக்கொண்டு குதிரைமேல் இருந்தால் போதும் என்று முடிவு சொன்னார்கள். அவர் ஆடிய இடம் முதலாம் எண். எதிரணியின் கடைசிக் காவல்காரனைப் பந்தை அணுக விடாமல், தன் குதிரையை அவன் குதிரையோடு ஒட்ட வைத்துத் தோளோடு தோள் இடித்துத் தள்ளிக்கொண்டே போவது அந்த இடத்தின் வேலை. கை முழங்கை வரை கட்டுண்ட ஒருவருக்கு அந்த வேலை! முழங்கால் பிடியும் இடது கைக் கடிவாளமும்தான் துணை. ஆல்டர்ஷாட்டில் சேணமில்லாத குதிரைமேல் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு தடை தாண்டியது அன்று உதவியிருக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் நாலாவது டிராகூன் காவல்படையோடு. 4-3 என்ற கணக்கில் பெங்களூர்க் குழு வென்றது. கட்டிய கையோடு சர்ச்சில் தள்ளிய பந்துகளும் அந்தக் கோல்களில் சேர்த்தி.

அடுத்த மாதமே அவர் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். திரும்ப வரவில்லை. பெங்களூர் கிளப்பின் பழைய பேரேட்டில், வசூலாகாத பாக்கிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 13 ரூபாய் நிற்கிறது.

அவர் வளர வளர, இந்தியாவின்மீது அவர் கண் சிறுத்தது. காந்தியடிகளை இழிவாகப் பேசினார். இந்தியருக்கு ஆட்சி உரிமை தருவதை 1930களில் விடாப்பிடியாக எதிர்த்தார். 1943ல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டபோது, தானியக் கப்பல் அனுப்புவதில் அவருடைய அரசு காட்டிய தயக்கத்தை வரலாற்று ஆசிரியர்கள் பலர் மன்னிக்கவில்லை. தம் குதிரைக்குப் புல்லும் கொள்ளும் வைத்து, சேணத்தின் வாரை இறுக்கிக் கொடுத்த மனிதர்களின் நாட்டை அவர் அப்படித்தான் பார்த்தார். தம் தோள் எந்த அசைவில் நழுவும் என்று அறிந்து வைத்திருந்த அளவுக்குக்கூட அந்த மனிதர்களை அவர் அறிந்துகொள்ளவில்லை.

குதிரையை மட்டும் அவர் விடவில்லை. கடைசியாகப் போலோ ஆடியது 1927ல், மால்டா தீவில், 52 வயதில். 1948 நவம்பரில், 74 வயதை எட்டும் வேளையில், வேட்டைக் குழுவோடு குதிரைமேல் போனார். 1965 ஜனவரி 24ந் தேதி, தந்தை இறந்த அதே தேதியில், 90வது வயதில் லண்டனில் காலமானார்.