வாத்தியார் கொடுத்த பெயர்

ரிச்சர்ட் பர்ட்டன் என்றதும் நம்ம பசங்களுக்கு ‘கிளியோபாட்ரா’ படமும் எலிசபெத் டெய்லரும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்குப் பிடித்தது அவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை.

1925-ல் வேல்ஸ் நாட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஜென்கின்ஸின் 13 பிள்ளைகளில் 12-வதாகப் பிறந்தார். இரண்டு வயது முடியுமுன்பே தாயை இழந்தார். வளர்த்தது அக்கா சிசிலியா. வீட்டுக் கஷ்டம், 16 வயதில் படிப்பை விட்டுக் கூட்டுறவுக் கடையில் துணி விற்கப் போனார். அதோடு கதை முடிஞ்சிருக்கும். எப்படியோ மறுபடி பள்ளிக்கு வந்தவரை, பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியர் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். மலைமேல் நின்று உரக்கப் பேசவைத்துக் குரலைப் பழக்கினார். தத்தெடுக்கவும் நினைத்தார். 21 வயது வித்தியாசம் வேணுமாம். 20 நாள் குறைஞ்சுபோச்சு! அதனால் 1943-ல் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். மாணவர் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆக்ஸ்போர்டு, விமானப்படை, மேடையில் ‘ஹாம்லெட்’, திரையில் ‘பெக்கெட்’. ஏழு முறை ஆஸ்கார் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்தைவிட, குடி அவர் உடம்பைக் கெடுத்ததுதான் எனக்கு வருத்தம். 1984-ல் 58 வயதில், மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். சுவிட்சர்லாந்தில், வேல்ஸின் நிறமான சிவப்பு உடையில் அடக்கம் செய்தார்கள்.