பறவைகளுக்காகக் காத்திருந்தவர்

தேக்காவிலிருந்து ரயிலில் ஒரே நிலையத் தொலைவில் இருக்கிறது டோபி காட். அங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் அந்த இடத்திற்கு அப்பெயர் வந்தது. 1939ஆம் ஆண்டு அங்கே கேத்தே திரையரங்கு திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட அரங்கில் அமர்ந்து படம் பார்ப்பது அன்றைய சிங்கப்பூர் மக்களுக்குப் பெரிய புதுமை. தம் தாயாருடன் சேர்ந்து அதை உருவாக்கியவர் லோக் வான் தோ. அப்போது அவருக்கு வயது 24.

திரைப்பட முதலாளி என்றே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், அவருடைய மனம் பறவைகளிடம் இருந்தது.

லோக் 1915ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிறந்தார். அவருடைய தந்தை லோக் இயூ, ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர் தோட்டங்களாலும் பெருஞ்செல்வம் சேர்த்தவர். மகனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே அவர் காலமானார். லோக் சுவிட்சர்லாந்தில் பள்ளிப்படிப்பையும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்றுப் பட்டப்படிப்பையும் முடித்துத் திரும்பினார்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியது. லோக் ஒரு கப்பலில் ஏறித் தப்பினார். சுமத்ராவுக்கு அருகே அந்தக் கப்பல் மீது குண்டுகள் விழுந்தன. அவருடைய உடல் தீயில் வெந்தது, கண்பார்வையும் போயிற்று. பறவைகளைப் பார்ப்பதில் இன்பம் கண்ட ஒருவருக்கு அந்த நாள்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நல்லவேளையாக, சிகிச்சைக்குப் பின் பார்வை திரும்பியது. பிறகு அவர் இந்தியா சென்று சேர்ந்தார்.

சுவிட்சர்லாந்தில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் கிப்சன், அப்போது இந்தியாவில் இருந்தார். அவர் தம் பழைய மாணவரைப் பறவை அறிஞர் சாலிம் அலிக்கு அறிமுகப்படுத்தினார். சாலிம் அலி இந்தியா முழுவதும் அலைந்து பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். மாளிகையில் வளர்ந்த லோக் அவருடன் முகாம்களில் தங்கினார். விடியுமுன் எழுந்து, வெயிலிலும் தூசியிலும் நடந்து, பறவைகளைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்த நட்பு அவருடைய வாழ்நாள் முழுவதும் நீடித்தது. சாலிம் அலியின் ஆய்வுகளுக்கு அவர் பின்னாளில் பொருளுதவியும் செய்தார்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். லோக் இந்தியாவில் அடைக்கலம் புகுந்திருந்த அதே காலத்தில், 1943 அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூரில் அவருடைய கேத்தே அரங்கில்தான் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார்.

போர் முடிந்ததும் லோக் சிங்கப்பூர் திரும்பினார். தொழில் பன்மடங்கு வளர்ந்தது. திரையரங்குகள், படப்பிடிப்பு நிலையங்கள், விமான நிறுவனத் தலைமை, தேசிய நூலக வாரியப் பொறுப்பு என்று ஒரு மனிதரால் தாங்க முடியுமா என வியக்கும் அளவுக்கு வேலைகள் குவிந்தன. அவற்றுக்கிடையே படக்கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை.

இன்று நம் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துப் பூந்தொட்டிக்குத் தேன்சிட்டு வந்தால், நீண்ட வில்லை பொருத்திய படக்கருவியால் தொலைவிலிருந்தே படம் எடுத்துவிடலாம். (அதைச் சிலர் ஹம்மிங் பறவை என்பார்கள். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை.) அன்றைய நிலை வேறு. படக்கருவி கனமானது, படச்சுருளுக்கு நிறைய ஒளி தேவைப்பட்டது. காட்டின் நிழலிலோ ஒளி குறைவு. ஆகவே, பறவைக்குச் சில அடி தூரத்தில் இருந்தாக வேண்டும். மனிதரைக் கண்டால் பறவை கூட்டை விட்டே போய்விடலாம், முட்டைகள் வீணாகிவிடும். அதனால் படம் எடுப்போர் துணியாலும் இலைதழைகளாலும் சிறு மறைவிடம் அமைத்தார்கள். அதை முதலில் தொலைவில் வைத்து, பறவை பழகப் பழக, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினார்கள். பின் அதற்குள் அசையாமல் உட்கார வேண்டும். வியர்வை வழியும், கொசு கடிக்கும். பறவை வரும்; வராமலும் போகும்.

பணம் கொடுத்தால் சிறந்த படக்கருவி கிடைக்கும். ஆனால், ஒரு பறவையின் அச்சம் தணியும் நேரத்தை எந்தச் செல்வரும் விலைக்கு வாங்க முடியாது. ஏவினால் ஓடிவர ஆள்கள் நிறைந்திருந்த லோக், மறைவிடத்துக்குள் ஒரு சிறு பறவையின் வரவுக்காகக் காத்திருந்தார். அவ்வாறு எடுத்த படங்களையும் தம் அனுபவங்களையும் சேர்த்து 1957இல் ‘ஏ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார்.

1964 ஜூன் மாதம் ஆசியத் திரைப்பட விழாவுக்காக அவர் மனைவியுடன் தைவான் சென்றார். ஜூன் 20ஆம் நாள் அங்கே அவர்கள் சென்ற விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 57 பேரும் உயிரிழந்தனர். ஆறு நாள்களுக்கு முன்புதான் லோக் 49 வயதை நிறைவு செய்திருந்தார். அவர் ஆசையோடு சேர்த்த பறவை நூல்களை அவருடைய சகோதரி பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கினார்.