டீசல் என்பது ஒரு மனிதரின் பெயரா? ஸ்பார்க் பிளக் இல்லாத இன்ஜினைக் கண்டுபிடித்தவரின் கதை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் நவரை, சொர்ணவாரி என எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி, உழவு டிராக்டரும் நெல் அறுவடை மெஷினும் ஓடுவது டீசலில்தான். அந்தப் பெயர் ஒரு மனிதருடையது என்பது பலருக்குத் தெரியாது. யார் அவர்? பெட்ரோல் இன்ஜினில் இருக்கும் ஸ்பார்க் பிளக் இதில் ஏன் இல்லை?

போரால் பிரிந்த சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். அப்பா தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். 1870-ல் பிரான்ஸ் - பிரஷ்யா போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு வெளியேற நேர்ந்தது. 12 வயது ருடால்ஃப் மட்டும் படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறகு மியூனிக்கில் பொறியியல் படித்தார்.

அன்றைய நீராவி இன்ஜின்கள் பெரும்பாலும் எரிபொருள் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. பெரிய ஆலைகளுக்குத்தான் அவை கட்டுப்படியாகும். சின்னப் பட்டறைக்காரரும் வைத்துக்கொள்ளக்கூடிய இன்ஜின் வேண்டும் என்பது டீசலின் ஆசை.

சூடான காற்றே தீக்குச்சி

சைக்கிளுக்குக் காற்று அடித்தால் பம்பின் அடிப்பகுதி சூடாகும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக அழுத்தினால் வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவையில்லை.

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். 1893 ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் தாங்காமல் அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் சுமார் ஒரு நிமிடம் சொந்த பலத்தில் ஓடியது. 1897-ல் நடந்த அதிகாரப்பூர்வ சோதனையில் அதன் திறன் 26 சதவீதம்! 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலும் ஓடியது.

ஆனால் எரிபொருளைப் பீய்ச்ச பெரிய காற்று கம்ப்ரசர் தேவைப்பட்டது. அதனால் இன்ஜின் பெரிய ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும்தான் போனது. டீசலோ கடனில் மூழ்கினார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பில் இருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் இருந்து காணாமல் போனார். சில நாட்கள் கழித்து கடலில் கிடைத்த சடலத்தில் இருந்த பொருட்களை அவரது மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, கொலையா, விபத்தா? இன்றுவரை விடை இல்லை.

சீட்டேன் எண் என்றால் என்ன?

1927-ல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும் கம்ப்ரசர் தேவையில்லாமல் போனது. இன்ஜின் சிறிதானது, வேகம் கூடியது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும் இன்ஜினில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது வெறும் 0.03 விநாடி. பீய்ச்சிய டீசல் அதிலும் ஒரு துளி நேரத்துக்குள் பற்ற வேண்டும்.

தாமதமானால்? டீசல் எரியாமல் சேர்ந்து, பிறகு மொத்தமாகப் பற்றும். அழுத்தம் திடீரென எகிறும். அதுதான் 'டக் டக்' என்ற தட்டல் சத்தம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதற்கும், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வருவதற்கும் இது ஒரு காரணம்.

எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதை அளப்பதுதான் சீட்டேன் எண். எண் கூடினால் தாமதம் குறையும். பெட்ரோலின் ஆக்டேன் எண் இதற்கு நேர் எதிர். அது, தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் குணத்தைக் காட்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் பிஎஸ்-6 டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் எண் 51.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கணக்கிட்டபடி பற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழவழப்பும் குறைவதால் பம்ப், நாசில் தேயும். மிச்சமான காசு மெக்கானிக்குக்குப் போய்விடும்.

கிராமத்துக் கிணற்றடி ஆயில் இன்ஜின், டீசல் ஆசைப்பட்ட அதே சின்ன இன்ஜின்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.