வீழக் கற்றவர்

ஜப்பான் நாட்டின் கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் கடற்கரை ஊரில் 1860ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிகோரோ கானோ. இளமையிலேயே தாயை இழந்த அவரைத் தந்தை டோக்கியோவுக்கு அழைத்துச்சென்று கல்வி பயிலச் செய்தார். விடுதியுடன் கூடிய பள்ளியில் கானோ பாடங்களில் சிறந்து விளங்கினார். ஆயினும், உருவத்தால் சிறியவர், உடல்வலிமையும் குறைந்தவர். வலிய மாணவர்கள் அவரை எள்ளினர், அடிக்கவும் செய்தனர். படிப்பில் பின்தங்கியதற்கு விடுதியில் ஈடுசெய்து கொண்டனர் போலும்.

மெலியவரும் வலியவரை வீழ்த்தவல்ல ஜுஜுட்சு என்னும் மற்கலை ஒன்று உண்டெனத் தம் வீட்டுக்கு வந்துசென்ற ஒருவர் வாயிலாகக் கானோ அறிந்தார். ஆனால், கற்பிப்பார் இல்லை. ஜப்பான் மேலைநாட்டு முறைகளை நோக்கி விரைந்துகொண்டிருந்த காலம் அது. 1876இல் சாமுராய் வீரர்கள் வாள் அணிவதும் தடைசெய்யப்பட்டது. பழைய போர்க்கலைகள் பயனற்றவை எனக் கருதப்பட்டன. தந்தையும் இக்கலை இனி எதற்கென்று மறுத்தார்.

1877இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் கானோவின் வேட்கை தணியவில்லை. வருவாய் இழந்த ஜுஜுட்சு ஆசான்களுள் பலர் எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்து வாழ்ந்தனர். எனவே, எலும்பு மருத்துவர்களின் இல்லங்களைத் தேடிச்சென்று வினவினார். அத்தேடல் அவரை ஃபுகுடா ஹச்சினோசுகே என்னும் ஆசானிடம் சேர்த்தது.

ஃபுகுடா விளக்கிச் சொல்லிக் கற்பிப்பவர் அல்லர். ஒருநாள் அவர் கானோவைத் தூக்கி எறிந்தார். எழுந்த கானோ, கையை எங்கு வைப்பது, காலை எவ்வாறு நகர்த்துவது என்று கேட்டார். மறுமொழியாக ஆசான் மீண்டும் எறிந்தார். கானோ மீண்டும் கேட்டார், மீண்டும் எறியப்பட்டார். சொல்லைக் கேட்டுக் கற்கும் கலையன்று இது, பலமுறை வீழ்ந்து உடலால் உணரவேண்டியது என்பதே ஆசானின் கருத்து. உடலெங்கும் காயங்களுடனும், மணம் வீசும் களிம்புடனும் திரிந்த கானோவைக் கண்டு உடன்பயின்றோர் நகைத்தனர். அவரோ, பயிற்சியையும் விடவில்லை; கேட்பதையும் விடவில்லை.

அங்கே ஃபுகுஷிமா என்னும் பருத்த உடலினர் ஒருவர் இருந்தார். அவரைக் கானோவால் அசைக்கவும் இயலவில்லை. சுமோ மல்லர் ஒருவரிடம் சில உத்திகளைக் கேட்டறிந்தார்; பயனில்லை. பின்னர் நூலகம் சென்று மேலைநாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். எதிராளியின் உடலுக்குக்கீழ்க் குனிந்து, அவரைத் தோளின் குறுக்கே ஏற்றி எறியும் முறை ஒன்று அவற்றில் கிடைத்தது. நண்பர்களிடம் அதனைப் பழகிப் பார்த்தபின், ஒருநாள் ஃபுகுஷிமாவை எறிந்தேவிட்டார். பிற்காலத்தில் அம்முறை 'கட்டா குருமா' என்ற பெயரில் ஜூடோவில் இடம்பெற்றது.

1879இல் ஃபுகுடா மறைந்தார். அவருடைய குடும்பத்தார், பயிற்சிக்கூடத்தின் பொறுப்பையும் கலைமரபின் சுவடிகளையும் கானோவிடம் ஒப்படைத்தனர். அப்போது அவருக்கு வயது 18. கற்கவேண்டியது மிகுதி என்றுணர்ந்த அவர், ஈசோ மசதோமோவிடம் மாணவரானார். அவரும் 1881இல் மறைய, கித்தோ மரபைச் சேர்ந்த ஈகுபோ சுனெதோஷியிடம் சென்றார்.

முதுமையை நெருங்கிய ஈகுபோ, இளைஞரான கானோவை எளிதில் வீழ்த்திவந்தார். ஒருநாள் நிலைமை தலைகீழாயிற்று. கானோ ஆசானை அடுத்தடுத்து எறிந்தார். வியந்த ஆசான் காரணம் கேட்டார். நிலையாக நிற்பவரை எறிய முயல்வது வீண்; அவர் தள்ளும்போது இழுத்தும், இழுக்கும்போது தள்ளியும் முதலில் சமநிலையைக் குலைக்க வேண்டும்; அதன்பின் சிறுவிசையே போதும் என்று கானோ விளக்கினார். தமக்கு இனிக் கற்பிக்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார் ஆசான். மாணவரிடம் தோற்றதை மகிழ்ச்சியோடு ஏற்ற அம்முதியவரும் போற்றுதற்குரியவரே.

இதற்கிடையே 1882இல், டோக்கியோவின் ஏய்ஷோஜி கோவிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில், 9 மாணவர்களுடன் கானோ 'கொடோகன்' பள்ளியைத் தொடங்கியிருந்தார். எறிந்த வேகத்தில் தரையின் தாங்குகட்டைகள் முறியும். இரவில் ஆசானும் மாணவரும் தரைக்கடியில் புகுந்து செப்பனிடுவர். தாம் கற்றவற்றுள் உயிருக்கு ஊறு செய்யும் உத்திகளைப் போட்டிப் பயிற்சியிலிருந்து விலக்கினார். உத்திகளின் காரணங்களை விளக்கிக் கற்பித்தார். போர்க்கலை ஒழுக்கநெறியாகவும் அமைய வேண்டுமெனக் கருதி, அதற்கு 'மென்மை வழி' எனப் பொருள்படும் ஜூடோ என்னும் பெயரை வழங்கினார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கானோ, 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். கெய்ரோவில் நடந்த அக்குழுவின் கூட்டத்தில் பங்கேற்றுத் திரும்புகையில், 1938ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கப்பலிலேயே உயிர்நீத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது.

ஜூடோ கூடங்களில் புதிதாகச் சேரும் மாணவருக்கு இன்றும் தொடக்கத்தில் எறியக் கற்றுத்தருவதில்லை. தலை தரையில் மோதாமல், கையால் பாயைத் தட்டி, அடிபடாமல் விழுவதற்கே முதலில் பயிற்சி அளிக்கின்றனர்.